கப்பல் சீட்டும் விலை உறுதியும்



இன்றைய பேச்சின் தலைப்பைக் கேட்டவுடன் சிலருக்குச் சிரிப்பு வரக்கூடும். "தோட்டத்து மக்களுக்கும் உல்லாசக் கப்பலுக்கும் என்ன தொடர்பு? வாத்தியாருக்குப் பேச வேறு பொருளே கிடைக்கவில்லையா?" என்று லயத்து வாசலில் அமர்ந்திருப்போர் கேட்கவும் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் கப்பல் நமக்குப் புதியதன்று. 1926-இல் கட்டப்பட்ட 'ரஜுலா' கப்பலின் மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்து, பினாங்கிலும் கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மிலே பலர் உண்டு. அதற்குப் பின் 'சிதம்பரம்' கப்பல் ஓடிற்று. 1985-இல் அதில் தீப்பிடித்ததோடு அதன் பயணமும் முடிந்தது. அவையெல்லாம் பிழைப்பைத் தேடிய பயணங்கள். சொந்தபந்தங்களைப் பார்க்கப் போன பயணங்கள்.

இன்று காலம் வேறாகியிருக்கிறது. தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்கிறார்கள். "அப்பாவும் அம்மாவும் ஆயுள் முழுவதும் வெளிக்காட்டைத் தவிர வேறொன்றும் பார்க்கவில்லையே, ஒரு தடவையாவது அவர்களைக் கப்பலில் அழைத்துப் போவோம்" என்று ஆசைப்படுகிறார்கள். சிங்கப்பூரில் ஏறி, கிள்ளான் துறைமுகம், பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் ஆகிய இடங்களில் ஒன்றிரண்டைத் தொட்டுவிட்டு, மூன்று நாள் நான்கு நாளில் திரும்பி வரும் கப்பல் உலா இப்போது நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆசை நல்ல ஆசைதான். அந்த ஆசையோடு கூடவே ஒரு காகிதமும் வருகிறது. அந்தக் காகிதத்தைப் பற்றித்தான் இன்று நாம் பேசப்போகிறோம்.

முதலில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் தோட்டத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அவருடைய பிள்ளைகள் மூவரும் சேர்ந்து பணம் போட்டார்கள். அம்மாவும் தம் பங்குக்குக் கூட்டுப் பணம் எடுத்துக் கொடுத்தார். பெரியவர், அவர் மனைவி, மகள், பேரன் ஆக நான்கு பேருக்கு ஒரே அறை. பள்ளி விடுமுறையில் பயணம். எட்டு மாதத்துக்கு முன்பே பதிவு செய்தால் விலை மலிவு என்று விளம்பரம் வந்திருந்தது. அதன் அடியில், "இதைவிடக் குறைந்த விலையை நாங்களே பின்னர் அறிவித்தால் வித்தியாசத்தைத் தருவோம்" என்று பெரிய எழுத்தில் ஓர் உறுதியும் இருந்தது. விளம்பரம் ஆங்கிலத்தில் இருந்ததால் அதை எங்களிடம் கொண்டுவந்தார்கள். நாங்கள் பெரிய எழுத்தைப் படித்துச் சொன்னோம். "பயப்படாமல் முன்பணம் கட்டுங்கள். விலை குறைந்தால் மிச்சப் பணம் உங்களுக்கே வந்துவிடும்" என்றோம். சிறிய எழுத்தைப் படிக்கவில்லை. பட்டணத்தில் இருந்த ஒரு முகவரிடம் பணம் கட்டியாயிற்று.

கடைசித் தவணையும் கட்டிப் பதினொரு நாள் ஆன பிறகு, அதே கப்பல், அதே நாள், அதே அறை, நான்கு பேருக்கும் சேர்த்து 480 வெள்ளி குறைவாக விற்பதை மகள் தம் கைபேசியில் பார்த்தார். உடனே முகவரிடம் ஓடினோம். அங்கிருந்த பெண் மரியாதையாகவே பேசினார். சிறிய எழுத்தில் இருந்த வரியை விரல் வைத்துக் காட்டினார். கடைசித் தவணை நாளுக்கு முன்பு எழுத்து மூலமாகக் கேட்டால்தான் வித்தியாசம் கிடைக்குமாம். விலை எப்போது குறைந்தது என்று கேட்டோம். மூன்று வாரத்துக்கு முன்பு என்றார். அதாவது, விலை குறைந்த பிறகும் கேட்பதற்குப் பத்து நாள் இருந்திருக்கிறது. நாங்கள் பார்க்கவில்லை, கேட்கவில்லை, பணம் போயிற்று. தவறு எங்களுடையது.

480 வெள்ளி என்றால் என்ன? 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. இருபத்தாறு நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 65 வெள்ளி சொச்சம். ஆகவே அந்தப் பணம் ஒரு தொழிலாளியின் ஏழு நாள் உழைப்புக்கும் மேலானது. அந்த ஏழு நாள் கூலியைக் காக்க வேண்டுமானால் எதைத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதற்கேள்வி: ஒரே அறைக்கு ஏன் நாளுக்கொரு விலை?

கப்பல் புறப்படும்போது எண்ணெய், மாலுமிகள், சமையல்காரர்கள், துறைமுகக் கட்டணம் என்று பெருஞ்செலவு ஏற்கெனவே நடந்து முடிந்துவிடுகிறது. அறைகள் நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் அந்தச் செலவில் பெரிய மாறுதல் இல்லை. ஆனால் காலியாகப் போன அறையை நாளை விற்க முடியாது. சந்தையில் மீதமான வாழைப்பழத்தை மாலையில் பாதி விலைக்குக் கொடுக்கிறார்கள் அல்லவா? அது போலத்தான். அதுவுமன்றி, கப்பலில் ஏறியவர் உள்ளே போன பிறகும் பானம், கடைச் சாமான், சுற்றுலா என்று செலவு செய்வார். ஆதலால் அறை நிறையாவிட்டால் விலையை இறக்குவார்கள். அறைகள் வேகமாக விற்றுத் தீர்ந்தால் ஏற்றுவார்கள்.

இந்த முறையை முதலில் பெரிய அளவில் கையாண்டவை அமெரிக்க விமான நிறுவனங்கள். 1978-இல் அந்நாட்டு அரசாங்கம் விமானக் கட்டணத்தின் மேலிருந்த கட்டுப்பாட்டை நீக்கியது. 1985-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம், முன்கூட்டியே வாங்குவோருக்கு மிகக் குறைந்த விலையும், கடைசி நேரத்தில் வருவோருக்கு உயர்ந்த விலையும் வைத்து, கணிப்பொறியின் துணையோடு இருக்கைகளைப் பங்கிட்டு விற்றது. பின்னர் ஓட்டல்களும் கப்பல்களும் அதே வழியைப் பின்பற்றின. இன்று கப்பல் அறையின் விலை ஒரே நாளில்கூட மாறலாம்.

இரண்டாவது கேள்வி: விலை குறைந்தால் திருப்பித் தருவதாகக் கப்பல்காரர் ஏன் தாமாகவே உறுதி கூறுகிறார்?

விலை இறங்கலாம் என்று தெரிந்தால் வாங்குவோர் என்ன செய்வார்கள்? காத்திருப்பார்கள். எல்லோரும் காத்திருந்தால் கப்பல்காரருக்கு முன்பணம் வராது. எத்தனை பேர் வருவார்கள் என்ற கணக்கும் தெரியாது. ஆகவே, "இப்போதே பதிவு செய்யுங்கள், பின்னால் குறைந்தாலும் உங்களுக்கு நட்டமில்லை" என்று சொல்லி அந்தத் தயக்கத்தைப் போக்குகிறார். இதில் ஏமாற்று ஒன்றுமில்லை. இரு தரப்புக்கும் நன்மை உண்டு.

ஆனால் இந்த உறுதிக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. முன்பு வாங்கியவர்களுக்கெல்லாம் வித்தியாசத்தைத் தர வேண்டும் என்றால், விலையைக் குறைப்பது கப்பல்காரருக்குச் செலவான காரியமாகிவிடுகிறது. ஆகவே அவர் குறைக்கவே தயங்குவார். ஸ்டீவன் சாலப் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1986-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதை விளக்கியிருக்கிறார். அதற்கு நல்ல எடுத்துக்காட்டும் உண்டு. அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் மின்சாரம் ஆக்கும் பெரிய இயந்திரங்களை விற்று வந்தது. 1963-இல் அது, "நாங்கள் விலையைக் குறைத்தால், அதற்கு முந்திய ஆறு மாதத்தில் வாங்கியவர்களுக்கும் அந்தக் குறைப்பைத் தருவோம்" என்று அறிவித்தது. போட்டியாளரான வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனமும் அதே வழியில் சென்றது. இருவருமே விலையைக் குறைக்கத் தயங்கினார்கள். அரசாங்கம் தலையிட்டு, 1970களில் அந்த ஏற்பாட்டைக் கைவிடச் செய்தது.

இதிலிருந்து நமக்கு ஒன்று விளங்குகிறது. விலை உறுதி என்பது வாங்குபவரைக் காக்கும் குடை மட்டுமல்ல. விற்பவரின் விலைக்கும் அது குடை பிடிக்கிறது. அதனால்தான் கப்பல்காரர்கள் அறிவித்த விலையை இறக்காமல், "முதலில் பதிவோருக்குப் பானம் இலவசம்", "குழந்தைக்குக் கட்டணம் இல்லை", "குழுவாக வந்தால் தனிச் சலுகை" என்று பக்கவாட்டில் இறக்குவார்கள். அப்படிப்பட்ட சலுகைகளைப் பல நிறுவனங்கள் விலை குறைந்ததாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

மூன்றாவது கேள்வி: உறுதியின் சிறிய எழுத்தில் என்னதான் இருக்கும்?

நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும். ஆயினும் பொதுவாகக் காணப்படுபவை சில உண்டு. அவற்றை நிதானமாகப் பார்ப்போம்.

முதலாவது, ஒப்பிடும் பொருள் ஒன்றாக இருக்க வேண்டும். அதே கப்பல், அதே புறப்பாட்டு நாள், அதே வகை அறை, அதே எண்ணிக்கையில் ஆட்கள். உள்ளறைக்குப் பணம் கட்டிவிட்டு ஜன்னல் அறையின் விலையைக் காட்ட முடியாது. விலை அறிவிக்கப்பட்ட நாடும் நாணயமும்கூட ஒன்றாக இருக்க வேண்டும். சிங்கப்பூர் வெள்ளியில் விலை மாறாமல் இருந்து, நாணய மாற்றினால் நம் வெள்ளிக் கணக்கில் குறைந்திருந்தால், அது விலை குறைந்ததாகாது.

இரண்டாவது, காலம். இங்கேதான் நாங்கள் தவறினோம். ஆதலால் சற்று அழுத்திச் சொல்கிறோம். சில நிறுவனங்கள் பதிவு செய்த 48 மணி நேரத்துக்குள் குறைந்த விலையைக் கண்டுபிடித்தால் மட்டும் உறுதியைக் காப்பாற்றும். சில நிறுவனங்கள் கடைசித் தவணை நாள் வரை விலையைத் திருத்திக் கொடுக்கும். இன்னும் சில, அதற்குப் பிறகும் புறப்பாட்டுக்குச் சில நாள் முன்பு வரை ஏதாவது ஒரு வகையில் ஈடு செய்யும். கடைசித் தவணை நாள் என்பது பயண நாளன்று. சிறு பயணமானால் புறப்பாட்டுக்கு 75 நாள் முன்பும், நீண்ட பயணமானால் 90 நாள் அல்லது அதற்கும் முன்பும் அது வருவதுண்டு. அந்த நாள் வரை நம் கையில் ஒரு பிடி இருக்கிறது. மீதிப் பணம் நம்மிடம் இருக்கிறது. அந்த நாள் கடந்தால் முழுப் பணமும் அவர்களிடம். பிறகு நாம் கேட்பது உரிமையாக இராது; தயவாகிவிடும்.

மூன்றாவது, ஈடு எந்த வடிவத்தில் வரும் என்பது. கையில் காசாக வருவது அரிது. கடைசித் தவணைக்கு முன்பானால், கட்ட வேண்டிய மீதியில் கழித்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகானால், "கப்பலுக்குள் செலவு செய்துகொள்ளுங்கள்" என்று நம் கணக்கில் ஒரு தொகையை வரவு வைப்பார்கள். கப்பல் திரும்பிக் கரை சேர்ந்ததும் செலவழிக்காத மிச்சம் பெரும்பாலும் மறைந்துவிடும்.

நான்காவது, விலையைத் திருத்தினால் பழைய சலுகை போய்விடலாம். பதிவு செய்தபோது கொடுத்த இலவசப் பொருளும் வரவும் பழைய விலையோடு சேர்ந்தவை. புதிய விலைக்கு மாறும்போது புதிய விலையோடு உள்ளவைதான் கிடைக்கும். சில மலிவுச் சீட்டுகளில் மாற்றத்துக்குத் தனிக் கட்டணமும் வாங்குவார்கள்.

ஐந்தாவது, வரி, துறைமுகக் கட்டணம், ஊழியர்களுக்கான சேவைக் கட்டணம் ஆகியவை பெரும்பாலும் உறுதிக்குள் அடங்கா.

ஆறாவது, முகவர் மூலம் பதிவு செய்திருந்தால் கப்பல் நிறுவனம் பொதுவாக முகவரோடுதான் பேசும். நாம் நேரே கேட்டால், "உங்கள் முகவரிடம் போங்கள்" என்று அனுப்பிவிடும். ஆகவே முகவருக்கு நாமே நினைவூட்ட வேண்டும்.

இவ்வளவையும் ஒரு சிறு கணக்கில் போட்டுப் பார்ப்போமா? வீட்டில் ஆறாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருந்தால் பென்சிலை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நால்வர் தங்கும் அறையின் விலை 3,200 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் 800 கட்டினோம், மீதி 2,400. சில மாதம் கழித்து அதே அறை 2,720 வெள்ளிக்கு வருகிறது. வித்தியாசம் 480.

முதல் நிலை: கடைசித் தவணைக்கு முன்பே கேட்டோம். புதிய விலை 2,720-இல் கட்டிய 800 போக மீதி 1,920 கட்டினால் போதும். 480 வெள்ளி நம் சட்டைப்பையை விட்டுப் போகவே இல்லை. மிச்சம் என்றால் இதுதான் மிச்சம்.

இரண்டாம் நிலை: அதே நாளில்தான் கேட்டோம், ஆனால் பழைய பதிவோடு 300 வெள்ளி கப்பல் வரவு இலவசமாகக் கிடைத்திருந்தது, புதிய விலைக்கு அது இல்லை. 480-இல் 300 போக, உண்மையான இலாபம் 180. மாற்றக் கட்டணம் 200 என்று கேட்டால்? 20 வெள்ளி நட்டம். அப்போது மாறாமல் இருப்பதே புத்திசாலித்தனம். ஆனால் இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த 300 வெள்ளி கப்பலுக்குள் மட்டும் செல்லுகிற பணம். நீங்கள் அங்கே எதுவும் வாங்கப் போவதில்லை என்றால் அதற்கு மதிப்பே இல்லை.

மூன்றாம் நிலை: கடைசித் தவணைக்குப் பிறகு கேட்டோம், நிறுவனம் தாராளமானது, 480 வெள்ளியைக் கப்பல் வரவாகத் தந்தது. சேவைக் கட்டணத்துக்கு அதைக் கழித்துக்கொள்ளலாமா என்று உடனே கேளுங்கள். கழிக்கலாம் என்றால் அது ஏறக்குறைய காசுக்குச் சமம். கழிக்க முடியாது என்றால், தேவையில்லாத பொருளை வாங்கத் தூண்டும் காசாக அது மாறிவிடும்.

நான்காம் நிலை எங்களுடையது. காலம் கடந்து கேட்டோம், ஒன்றும் கிடைக்கவில்லை.

ஒரே விளம்பரம், ஒரே உறுதி; நான்கு விதமான முடிவு. வேற்றுமைக்குக் காரணம், கேட்ட நாளும் படித்த எழுத்தும்தான்.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உறுதி எவ்வளவு நல்லதாக எழுதப்பட்டிருந்தாலும், அதைக் கொடுத்தவர் நிலைத்திருந்தால்தான் அதற்கு மதிப்பு. 1993-இல் கெந்திங் குழுமம் ஸ்டார் குரூசஸ் என்ற கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியது. நம் வட்டாரத்தில் கப்பல் உலாவைப் பிரபலமாக்கியது அதுதான். ஆயினும் 2020-இல் வந்த கொள்ளைநோய்க் காலத்தில் உலகெங்கும் கப்பல்கள் நின்றன. 2022 ஜனவரியில், அக்கப்பல்களை நடத்தி வந்த கெந்திங் ஹாங்காங் நிறுவனத்தைக் கலைப்பதற்கு மனு கொடுக்கப்பட்டது. பின்னர் அதே ஆண்டில் வேறொரு புதிய நிறுவனத்தின் பெயரில் சிங்கப்பூரிலிருந்து கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கியது என்றாலும், பழைய நிறுவனத்தின் கடன் பழைய நிறுவனத்தோடுதான். ஒரு நிறுவனம் கலைக்கப்படும்போது முன்பணம் கட்டியவரும் மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஆகவே, மிக நீண்ட நாளுக்கு முன்பாக முழுப் பணத்தையும் கட்டுவது நல்லதன்று. கேட்கும்போது கேட்கும் தவணையை மட்டும் கட்டுங்கள்.

சரி, முன்பதிவு செய்யவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. நம் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை கிடைக்கும் நாளில்தான் நாம் போக முடியும். நாடு முழுவதும் உள்ள குடும்பங்களும் அதே நாளில்தான் புறப்படும். அத்தகைய நாள்களில் நான்கு பேர் தங்கும் அறைகள் முதலிலேயே தீர்ந்துபோகும். விலை இறங்குவதைவிட ஏறுவதற்கே வாய்ப்பு அதிகம். தனி ஆளாக எந்த நாளும் புறப்படக் கூடியவர் கடைசி நேர மலிவுக்குக் காத்திருக்கலாம். குடும்பத்தோடு போகிறவருக்கு முன்பதிவே ஏற்றது. ஆனால் முன்பதிவு செய்பவர் ஐந்து காரியங்களைச் செய்ய வேண்டும்.

ஒன்று: பணம் கட்டும் முன்பே, விலை உறுதியின் முழு விதிகளையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச் சொல் போதாது. ஆங்கிலம் தெரிந்த பிள்ளையிடமோ பள்ளி ஆசிரியரிடமோ கொடுத்து, சிறிய எழுத்து உட்பட முழுவதையும் படிக்கச் சொல்லுங்கள். பெரிய எழுத்தை மட்டும் படிக்கிற வாத்தியாரை நம்பாதீர்கள்.

இரண்டு: கடைசித் தவணை நாளைக் கேட்டு, சுவரில் தொங்கும் நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு இன்னொரு வட்டம் போடுங்கள். அந்த முதல் வட்டத்து நாளில் கட்டாயம் விலையைப் பார்க்க வேண்டும்.

மூன்று: மாதம் ஒரு தடவை, சம்பள நாளன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது, அதே அறையின் விலையைக் கைபேசியில் பாருங்கள். குறைந்திருந்தால் நாளும் நேரமும் தெரியும்படி அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, அன்றே எழுத்து மூலம் கேளுங்கள். நாளைக்குள் அந்த விலை மாறிவிடலாம்.

நான்கு: விலையைத் திருத்தும் முன், பழைய பதிவில் என்னென்ன கிடைக்கும், புதியதில் என்னென்ன கிடைக்கும் என்று இரண்டு பத்தியாக எழுதிக் கூட்டிக் கழித்துப் பாருங்கள். பிறகே சம்மதம் சொல்லுங்கள்.

ஐந்து: சுற்றுலா முகவருக்கு அரசாங்க உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். எழுதிக் கொடுத்த உறுதியை ஒருவர் காப்பாற்ற மறுத்தால், 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றம் நம் நாட்டில் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டு போகலாம். மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். ஆனால் அங்கே பேசப் போவது ரசீதும் எழுத்தும்தான்.

நேயர்களே, தொடங்கிய கதையை முடித்துவிடுகிறோம்.

முகவரிடமிருந்து வெறுங்கையோடு திரும்பிய அன்று மாலை, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனோம். "ஐயா, எங்கள் அவசரத்தினால் உங்களுக்கு 480 வெள்ளி நட்டம். அதை நாங்களே கட்டிவிடுகிறோம்" என்றோம். பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளே பார்த்துக் காப்பி கொண்டுவரச் சொல்லிவிட்டு, "விடுங்க வாத்தியாரே. நிறுவை நேரத்துல நாம அங்க நிக்கல. அவ்வளவுதானே?" என்றார்.

அந்தச் சொல்லின் பொருள் பால்மரம் வெட்டியவர்களுக்கு விளங்கும். முப்பத்தாறு ஆண்டுகளும் அவர் பால் வாளியை ஸ்டோரில் இறக்கி வைத்துவிட்டு நிழலுக்குப் போனவரல்லர். தராசின் முள் நிற்கும் வரை நிற்பார். கிராணி புத்தகத்தில் எழுதுகிற எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் நகருவார். ஒட்டுப்பாலையும் தனியாக நிறுத்தார்களா என்று கேட்பார். கிராணி மோசக்காரர் என்பதற்காக அல்ல. நிறுவை நேரத்தில் உழைத்தவன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. ரப்பர் விலையை ஒட்டி ஏறி இறங்கும் படி, சங்கம் செய்துகொண்ட சம்பள ஒப்பந்தங்களில் எழுதப்பட்டிருந்த காலத்தில், அந்த மாதத்து விலை என்ன என்று பத்திரிகை படிப்பவர்களைத் தேடிப் போய்க் கேட்டவரும் அவரே. எழுதப்பட்ட வாக்குறுதி தானாக நடந்து வந்து லயத்துக் கதவைத் தட்டாது என்பதை அவர் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த நாங்கள்தான் அதை மறந்துவிட்டோம்.

நம் மக்களிடம் ஒரு கூச்சம் இருக்கிறது. குளிர்சாதன அறையில், மேசைக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணுகிறோம். தராசுக்குப் பக்கத்தில் நிற்கத் தெரிந்தவர்கள் அங்கே மட்டும் கைகட்டி நிற்கிறோம். அந்தக் கூச்சத்துக்கு நாங்கள் கொடுத்த விலை 480 வெள்ளி. இனி நம்மில் யாரும் அதைக் கொடுக்க வேண்டாம். கப்பல் சீட்டு மட்டுமல்ல. தவணைக்கு வாங்கும் மோட்டார் சைக்கிளுக்கும், காப்புறுதிப் பத்திரத்துக்கும், வீட்டுக் கடனுக்கும் இதே விதிதான். உறுதி எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், யார் கேட்க வேண்டும், எந்த நாளுக்குள் கேட்க வேண்டும், கேட்டால் எந்த வடிவில் கிடைக்கும் என்ற மூன்றையும் பாருங்கள்.

அந்தக் குடும்பம் பயணம் போய் வந்துவிட்டது. புக்கெட் கடற்கரையில் பேரனோடு நின்று எடுத்த படம் இப்போது அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அதற்குப் பக்கத்திலேயே நாள்காட்டியும் தொங்குகிறது. அடுத்த ஆண்டு மூத்த மகன் அவர்களை மறுபடியும் அழைத்துப் போகிறாராம். பதிவு ஆகிவிட்டது. நாள்காட்டியில் இரண்டு சிவப்பு வட்டங்களைப் பார்த்தோம். "யார் போட்டது?" என்று கேட்டோம். பெரியவர் தம் விரலைக் காட்டினார்.

வேறொரு பொருளோடு மீண்டும் சந்திப்போம்.